அதெப்படீங்க அக்கா

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம எம் பேரை எழுதீட்டீங்களே தம்பி, அதெப்படீங்க?" என்பார். எங்கள் குடியிருப்பிலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. முன்னால் இருக்கும்போது அக்கா. அந்தப் பக்கம் போனதும் 'அதெப்படீங்க அக்கா'.

பீளமேட்டுக்குத் தெற்கே பழைய மில் சுவர் ஒன்றை ஒட்டி, அரசாங்கம் குறைந்த வருமானக்காரர்களுக்காகக் கட்டி வாடகைக்கு விட்ட நான்கு பிளாக்குகளில் எங்களுடையது மூன்றாவது. அப்பா பெயரில் ஒதுக்கீடு. அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு குடோனில் வாட்ச்மேன். அம்மா அந்தத் தெருமுனைப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். இரண்டு பேரும் நடந்தே வேலைக்குப் போய்வந்தார்கள். அந்த நடை தூரம்தான் எங்கள் குடும்பத்தின் சொத்து. நான் கல்லூரிக்குப் போனது, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியது எல்லாமே அந்த வீட்டின் வாடகை எங்களால் கொடுக்கக்கூடியதாக இருந்ததால் நடந்தவை.

அக்கா தரைத் தளத்தில் இருந்தார். அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். கணவர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அக்கா நடந்துபோகிற தூரத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் காயில் கம்பி சுற்றுகிற வேலை பார்த்தார். செம்புக் கம்பி அறுத்த கோடுகள் விரல் முழுக்க இருக்கும். குள்ளமான உருவம், தணிந்த குரல். அந்தக் குரலில் ஒரு கோபத்தையும் நான் கேட்டதில்லை. அதுதான் மற்றவர்களுக்குத் தாங்கவில்லை. கோபமாகக் கேட்டால் பதிலுக்குக் கோபப்பட்டு முடித்துவிடலாம். இவரோ தலையைக் கொஞ்சம் சாய்த்து, அத்தனை 'ங்க'வும் போட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக "அதெப்படீங்க?" என்பார். பிறகு பதில் வரும்வரை அங்கேயே நிற்பார்.

பேருந்தில் அப்படித்தான். இது எக்ஸ்பிரஸ், உங்கள் ஸ்டாப்பில் நிற்காது, அடுத்ததில் இறங்குங்கள் என்று நடத்துநர் சொன்னார். "முன்னாடி போர்டுல எங்க ஸ்டாப் பேரை எழுதியிருக்குதுங்களே, அதெப்படீங்க?" என்றார் அக்கா. நடத்துநர் முறைத்தார். அக்கா முறைக்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பதிலுக்காகக் காத்திருந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். இறங்கும்போது இரண்டு பேருக்கும் "வாரேனுங்க" சொல்லிவிட்டு இறங்கினார் அக்கா. பின்னாலேயே இறங்கிய நான், அவரோடு வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன்.

சர்க்கரை மாத்திரை எழுதிய டாக்டரிடம் அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்டாராம். பின்னால் பெரிய வரிசை. டாக்டர் சலித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, முடிக்கும்போது காகிதத்தில் படமே போட்டுக் காட்டிவிட்டார் என்று அம்மா வந்து சொன்னார். அம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. "மரியாதையாவே பேசி மரியாதையைக் கெடுத்துப்போடுவா" என்பார். ஆனால் அந்தப் படத்தை அம்மாவும் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் அதே மாத்திரைதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா ஜெயிப்பதற்காகக் கேட்டவரல்ல. பட்டறை முதலாளி ஒருமுறை மோட்டாருக்குள் வைக்கிற இன்சுலேஷன் தாளை இரண்டுக்குப் பதில் ஒன்று வைத்தால் போதும் என்றிருக்கிறார். வழக்கம்போல் அதெப்படீங்க. புதிதாக வந்த தாள் அதிகச் சூடு தாங்கும் என்று முதலாளி ஒரு துண்டை அடுப்பில் காட்டியே விளக்கினார். "அப்புடீங்களா? அப்பச் சரீங்க" என்று அக்கா அந்த நிமிடமே திரும்பிப்போய் ஒற்றைத் தாள் வைக்க ஆரம்பித்தார். பதில் சரியாக இருந்தால் அவ்வளவுதான். முகத்தில் தோற்ற குறியே இருக்காது.

எங்கள் பக்கத்தில் பதிலே தேவைப்படாத ஒரு சொல் உண்டு. ஆகட்டுங்க. ஒருவர் பேசி முடித்ததும் அதைச் சொல்வோம். கேட்டுக்கொண்டேன், உங்கள் பேச்சுக்கு மரியாதை, இனிப் போய்வாருங்கள் என்ற மூன்றும் அதில் அடங்கும். செய்கிறேன் என்பதும் சில நேரம் அடங்கும், பல நேரம் அடங்காது. எது என்று எங்களுக்குள் தெரியும். எங்கள் அப்பா ஒரு நாளில் நூறு ஆகட்டுங்க சொல்வார். அக்கா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. வாடகைப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், தெற்கத்திக்காரர், நல்லவிதமாகப் பேசுகிறவர். வெளியே இதேபோன்ற வீட்டுக்கு என்ன வாடகை தெரியுமா, நீங்கள் கொடுப்பது எவ்வளவு தெரியுமா, வெளி வாடகைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று மேலே முடிவாகியிருக்கிறது, எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்றார். அரைமணி நேரம் பேசினார். கடைசியில், "என்ன, சரிதானே?" என்றார்.

கூட்டம் முழுவதும் ஒரே குரலில் "ஆகட்டுங்க" என்றது. அப்பா குரல் முன்னால் கேட்டது.

அக்கா மட்டும் எழுந்தார். "எனக்கொண்ணு புரியலீங்க. வெளி வாடகைன்னா வெளியில ஊட்டுக்காரரு கூரை ஒழுகுனா வந்து பார்ப்பாருங்க. எங்க மொட்டைமாடி நாலு மழையா ஒழுகுது, ஆரும் வரலீங்க. வாடகைக்கு மட்டும் வெளி வாடகைங்கறீங்க, அதெப்படீங்க?"

அதிகாரி சிரித்து, அதை அப்புறம் பேசலாம் என்றார். "அப்புறம்னா எப்பங்க?" என்றார் அக்கா. பக்கத்திலிருந்த யாரோ அவருடைய சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். டீ வந்தது.

கூட்டக் குறிப்பை எழுதியது நான். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். கையெழுத்து நன்றாக இருக்கிறவர் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டபோது அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு தருணம் அதுவரை வந்ததில்லை. எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களை எழுதுவதற்கு எனக்கு அப்போதுதான் ஓர் இடம் கிடைத்தது. 'ஆகட்டுங்க' என்று எழுத முடியுமா? அது எழுத்தில் வருகிற சொல்லா? நான் இப்படி எழுதினேன்: 'வாடகை உயர்வினைக் குடியிருப்போர் அனைவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்.' ஏகமனதாக என்ற சொல்லை அதற்கு முன் பரீட்சையில்கூட நான் பயன்படுத்தியதில்லை. எழுதிவிட்டு ஒருமுறை ரசித்துப் பார்த்தேன்.

அதிகாரியும் ரசித்தார். "கையெழுத்து முத்து மாதிரி இருக்கு தம்பி. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்லிட்டிருக்காங்க" என்றார். அப்பா அதைக் கேட்டார். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன்.

எல்லாரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அக்கா முறை வந்தபோது படித்துக்காட்டச் சொன்னார். வேகமாகப் படித்தேன்.

"நான் கேட்டது இதுல இல்லீங்களே தம்பி, அதெப்படீங்க?"

"அதெல்லாம் கேள்விங்க அக்கா. முடிவை மட்டுந்தான் எழுதோணும்."

"அப்புடீங்களா" என்றார். பேனாவை என் பக்கமே திருப்பி வைத்தார். "அப்பக் கேள்வி முடிஞ்சப்பறம் கையெழுத்துப் போடறனுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. படிக்காதவர்களுக்கு நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாடகை இரண்டு மடங்கு. கூட்டம் நடந்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஒதுக்கீடு ரத்து. அதற்கு மேலே, முதல் வரியில், 'குடியிருப்போர் ஏகமனதாக ஏற்றுக்கொண்டதன் அடிப்படையில்' என்று அச்சிட்டிருந்தது. என் சொல் அச்சில் வந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் வீட்டுக் கதவில்தான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக்காட்டினேன். அம்மா உடனே ஊருக்கு வெளியே எங்கெங்கே வீடு மலிவாகக் கிடைக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். எதுவும் நடந்துபோகிற தூரத்தில் இல்லை. தினமும் பேருந்து ஏறிப் போய்வருகிற அளவுக்கு அந்த இரண்டு வேலைகளிலும் சம்பளம் இல்லை. அப்பா வேறொன்றில் நின்றுவிட்டார்.

"ஏகமனதாவா? ஆரு அப்புடிச் சொன்னாங்க?"

"நீங்கதான்ப்பா. ஆகட்டுங்கன்னீங்க."

"அந்த மனுசன் பேசி முடிச்சாரு. ஆகட்டுங்கன்னு சொல்லாம பின்ன எப்புடி ஒருத்தரை அனுப்பறது?"

எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

குடியிருப்பு முழுவதும் அந்த அதிகாரியைத் திட்டியது. அவரே நுழைத்துவிட்டார் என்றார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அந்தத் தாளைப் படித்திருக்கவில்லை. என் மேல் நம்பிக்கை வைத்துப் போட்டார்கள். நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படியில் யாராவது வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

ஐந்தாம் நாள் வேலை விட்டு வந்த கையோடு அக்கா மேலே ஏறி எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அன்னைக்கு எல்லாரும் ஆகட்டுங்கன்னு சொன்னது எங் காதுல உழுந்துதுங்க. நோட்டீசுல ஏத்துக்கிட்டாங்கன்னு இருக்குது. அதெப்படீங்க?"

அதே குரல். அதே தலைச்சாய்ப்பு. பேருந்து நடத்துநரிடம் கேட்டது மாதிரியே. தெரிந்துகொண்டே என்னை மாட்டிவிடக் கேட்கிறாரா என்று அவர் கண்ணைப் பார்த்தேன். இல்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. ஒரு சொல் இன்னொரு சொல்லாக எந்த இடத்தில் மாறியது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான்தானுங்க அக்கா எழுதிப்போட்டேன்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். ஆகட்டுங்க எழுத்துக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். ஏகமனதாக என்ற சொல் அழகாக இருந்தது. அவர் கேட்டபோது திருத்தாமல் விட்டேன், கம்ப்யூட்டர் வேலை மனதில் இருந்தது. எல்லாவற்றையும் அம்மாவுக்கு முன்னால் சொன்னேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"அப்ப நீங்கதானுங்க திருத்தோணும். வேற ஆரு எழுதுனாலும் கையெழுத்து மாறிப்போயிரும்."

வியாழக்கிழமை பெரிய அலுவலகத்துக்கு இருபது பேர் போனோம். அக்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். மேலதிகாரி புதிதாகச் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அம்மையார். எங்களை உள்ளே கூப்பிட்டு, கிடைத்த நாற்காலிகளில் உட்காரவும் சொன்னார். மற்றவர்கள் சுவரோரம் நின்றோம். கோப்பைத் திருப்பி என் கையெழுத்துப் பக்கத்தைக் காட்டினார். "பாருங்கம்மா, மினிட்ஸ் இருக்கு. எல்லாரும் ஒத்துக்கிட்டு சைன் பண்ணியிருக்கீங்க. இப்ப வந்து இல்லைன்னா நான் என்ன பண்றது?" ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றார்.

அப்பா முதலில் சொன்னார். "ஆகட்டுங்க." பின்னாலேயே அக்காவைத் தவிர மற்றவர்களும் சொன்னார்கள். "ஆகட்டுங்க."

யாரும் அசையவில்லை.

அம்மையார் காத்திருந்து பார்த்தார். "போலாம்னு சொன்னேன்."

"ஆகட்டுங்க" என்றது கூட்டம், இன்னும் பணிவாக. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடி. நின்றவர்கள் நின்றபடி. கதவோரம் நின்ற உதவியாளர் மேட்டுப்பாளையத்துக்காரர். அவர் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அக்கா எழுந்தார்.

"இதாங்க மேடம் அது. அன்னைக்கும் இதைத்தானுங்க சொன்னாங்க."

அம்மையார் அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கதவோரத்து உதவியாளரிடம், "அப்படியா?" என்றார். அவர் தன் வழக்கத்தில் "ஆகட்டுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அறை மொத்தமும் சிரித்தது. அம்மையாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது நான் முன்னால் போய் நின்றேன். அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான், அவர்கள் சொன்ன சொல் வேறு, நான் எழுதிய சொல் வேறு, ஓர் ஆட்சேபணையையும் விட்டுவிட்டேன் என்றேன். இதை எழுத்தில் கொடுப்பாயா என்று அவர் கேட்டார். அங்கேயே நின்று எழுதினேன். இந்த முறை 'ஆகட்டுங்க என்றார்கள்' என்று, சொன்னது சொன்னபடி. 'ஒருவர் கேள்வி கேட்டார், பதில் தரப்படவில்லை' என்றும் எழுதி, அக்காவின் கேள்வியை அவருடைய சொற்களிலேயே எழுதினேன். எழுதியதை அம்மையாரிடம் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் படித்துக்காட்டினேன். "இப்பச் சரீங்க" என்றார்.

கம்ப்யூட்டர் ஆள் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நோட்டீஸ் நிறுத்திவைக்கப்பட்டது. பொறியாளர் ஒருவர் வந்து மொட்டைமாடிகளைப் பார்த்தார். மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூட்டம். அம்மையாரே வந்தார். நிலுவை இல்லை, ஒழுகலைச் சரிசெய்த பிறகே புது வாடகை, அதுவும் இரண்டு மடங்கு இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா ஏமாற்றவில்லை. எதற்காக ஏற்றவே வேண்டும், அதெப்படீங்க என்றார். பல வருடமாக வாடகையை ஏற்றவில்லை, தண்ணீர் மோட்டாரும் சாக்கடை அடைப்பும் கூரைப் பூச்சும் அந்த வாடகையிலிருந்துதான் வர வேண்டும், ஏற்றாததால்தான் நான்கு மழை ஒழுகியது என்று அம்மையார் உட்கார்ந்து விளக்கினார். அக்கா நிறைய நேரம் யோசித்தார்.

"அப்புடீங்களா? அப்பச் சரீங்க."

போய் முதல் கையெழுத்தைப் போட்டார். ஒரு பைசா ஏற்றக் கூடாது என்றிருந்தவர்களுக்கு ஆத்திரம். நாம் அவரை நம்பி வந்தால் அவர் சரியென்றுவிட்டாரே என்று சில பேர் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. அக்கா அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தாமே கூப்பிட்டு, "ஏனுங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அந்த வாடகையைக் கட்ட முடிந்தது. அப்பாவும் அம்மாவும் இன்றும் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். அம்மா, அக்காவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு மட்டும் தூக்குப்போசி நிறையப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தார். காரணம் கேட்டால் மிச்சமாகிவிட்டது என்றார்.

இப்போது நான் தாராபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தேர்வு எழுதிக் கிடைத்த வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவது பெரும்பாலும் நான்தான். அங்கேயும் மக்கள் ஆகட்டுங்க என்கிறார்கள். நான் பேனாவை மூடிவிட்டு, "சரின்னு சொல்றீங்களா, கேட்டுக்கிட்டேன்னு சொல்றீங்களா?" என்று கேட்கிறேன். கூட்டம் நீண்டுபோகிறது என்று எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கெட்ட பெயர். அந்தப் பெயருக்கு நான் அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நான் வேலையில் சேருவதற்கு முந்தின மாதம் அக்கா வீட்டைக் காலி செய்தார். பட்டறை மேட்டுப்பாளையம் ரோட்டில் வெகுதூரம் தள்ளி இடம் மாறிவிட்டது. அவருக்கு அந்த நடை தூரம் போய்விட்டது. சாவியைத் திருப்பிக் கொடுத்த இடத்தில், வாங்கிக்கொண்டதற்கு எழுதித் தரமாட்டீர்களா, அதெப்படீங்க என்று கேட்டு, வாங்கிக்கொண்டுதான் வந்தார். டெம்போவில் சாமான் ஏற்ற நானும் அப்பாவும் கை கொடுத்தோம். கடைசியாகக் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அக்கா, எங்களையெல்லாம் மறந்துபோடாதீங்க. மாசம் ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலை சாயவில்லை. வாய் ஓரம் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"ஆகட்டுங்க" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டெம்போ கிளம்பியது. இதுவரை அவர் வரவில்லை.